படத்தில் வெட்ட வேண்டியவை

உண்டியல் காட்சியை வெட்டாமல் மண்டபத்துத் திறப்பைத் தரமாட்டேன் என்று கதிர்காமநாதன் வந்து நின்றபோது, பிரேமிளா ரீச்சர் ஒரு பிள்ளைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்த உண்டியல், ஐயா?"

"தெரியாத மாதிரிக் கேளாதேங்கோ, பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போடப்போற படத்திலை ஒரு கோயில் தலைவர் வாறாராம். உண்டியலுக்குப் பின்பக்கத்தாலை ஒரு சின்னக் கதவு வச்சிருக்கிறாராம். முன்னாலை சனம் போட, பின்னாலை அவர் எடுக்கிறாராம். உதைப் பாத்தால் சனத்துக்குக் கடவுள் நம்பிக்கை இருக்குமே?"

"படத்தை நீங்கள் பாத்தனீங்களே?"

"சீ! உந்த ஊத்தையளை நான் பாக்கிறேல்லை."

கதிர்காமநாதன் கோயில் தலைவர். உடையார்கட்டுச் சந்தியிலிருந்து உள்ளே நாலு கிலோமீற்றர் போனால் வருகிற அந்தக் குடியேற்றத்தில் கலியாணமோ கூட்டமோ எது நடந்தாலும் கோயில் மண்டபத்தில்தான் நடக்க வேண்டும். மண்டபத்துத் திறப்பு அவருடைய இடுப்பில் தொங்கும். குளிக்கும்போதும் தொங்கும் என்று சொல்வார்கள்.

பிரேமிளாவுக்கு மண்டபம் வேண்டியிருந்தது, ஏனென்றால் அவளுடைய முன்பள்ளிக்குக் கூரை இல்லை. போன மாரியில் அடித்த காற்று கூரையைக் கொண்டுபோய்ப் பக்கத்துக் காணிப் பனையில் மாட்டிவிட்டது. பதினெட்டுப் பிள்ளைகள் நீலத் தறப்பாளின் கீழே இருந்து வேகிறார்கள். கூரைக்கென்று இரண்டு தடவை காசு சேர்ந்தது. இரண்டு தடவையும் அது யாரோ ஒரு பெரிய மனிதரிடம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது, திரும்பி வரவில்லை. ஒரு தடவை தகடே வந்து இறங்கியது. அதைச் சங்கக் களஞ்சியத்தில் பாதுகாப்பாக வைத்தார்கள். பாதுகாப்பு எவ்வளவு பலமென்றால், அதற்குப் பிறகு ஒருவருமே அந்தத் தகட்டைக் காணவில்லை.

இப்போது மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மாரி தொடங்குமுன் கூரை போடாவிட்டால் முன்பள்ளியை மூடிப் பிள்ளைகளைச் சந்திப் பக்கம் மாற்றிவிடுவார்களாம். மூன்று வயதுப் பிள்ளை நாலு கிலோமீற்றர் நடக்குமா? நடக்காது, வீட்டில்தான் நிற்கும். பிரேமிளாவுக்கு மாதம் வருகிற ஆறாயிரமும் நிற்கும். மாரிக்கு இன்னும் ஆறு கிழமைதான் இருந்தது.

அதனால்தான் படம். 'கயிறு என்ன விலை?' என்ற அந்தப் படம் பதினைந்து வருடத்துக்கு முன் வந்து, ஊர் ஒழுக்கத்தைக் கெடுக்கிறது என்று பெரியவர்கள் கொதித்து, மூன்றாம் நாளே தியேட்டரைவிட்டு ஓடியது. பிறகு பென்ட்ரைவ் பென்ட்ரைவாக ஊர் சுற்றி, இப்போது இளவட்டங்களுக்கு அதன் வசனம் முழுக்க மனப்பாடம். வட்டிக்குக் கொடுக்கிற ஒருவன் கிணற்றில் விழுந்துவிடுகிறான். அவனைத் தூக்கக் கயிறு இறக்குமுன் ஊர் மேலே நின்று விலை பேசுகிறது. பிரேமிளா அதைக் கொழும்பு பஸ்ஸில் ஓமந்தையிலிருந்து வவுனியா வரைக்கும் பார்த்தாள், அதற்குப் பிறகு நித்திரையாகிவிட்டாள். பார்த்த இருபது நிமிடத்துக்குள் பஸ் முழுக்கச் சிரித்தது. கனடாவில் இருக்கிற படக்காரருக்கு எழுதிக் கேட்டாள். கூரைக்கென்றால் சும்மா போடுங்கள் என்று அந்த மனிதர் பதில் போட்டார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, கிருபன் வாயைத் திறக்கும்வரை.

கிருபன் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தல் சொல்கிறவன். பெரும்பாலும் மரண அறிவித்தல். பிரேமிளா எழுதிக் கொடுத்த இரண்டு வரி அவனுக்குச் சப்பென்றிருந்தது. எனவே சாவீட்டுக் குரலிலேயே தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டான்.

"எங்கட ஊர்ப் பெரிய மனிசர் ஒவ்வொருத்தரும் செய்த வேலையள் எல்லாம் படமா வந்திருக்கு! ஒருத்தரும் தப்பேல்லை! அனைவரும் குடும்பத்தோட வந்து பாக்குமாறு ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருகிறோம்!"

கடைசி வரி பழக்கதோசத்தில் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் சொன்னதுதான் ஊரைக் கலக்கியது.

பிரேமிளா தண்ணீரூற்றில் இருக்கிற றாபியாவுக்குப் போன் எடுத்தாள். றாபியா கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கிறவள். திரையும் புரொஜெக்டரும் அவளுடையதுதான், படமும் அவளுடைய கொம்பியூட்டரில்தான் இருந்தது.

"றாபியா, அந்த உண்டியல் காட்சியை வெட்டிவிடுங்கோ."

"எந்த உண்டியல், ரீச்சர்? அப்பிடி ஒரு..."

"அதைத்தான் நானும் கேட்டனான்! கேட்டதுக்கு மனிசன் துள்ளுது. கோயிலிலை அடிக்கிறதும் இவர், திறப்பு வச்சிருக்கிறதும் இவர், எனக்குப் புத்தி சொல்லுறதும் இவர்! ஒண்டும் கேளாதேங்கோ, வெட்டுங்கோ!"

"சரி ரீச்சர். அது வராது."

கோபம் வந்தால் பிரேமிளாவுக்கு வாய்தான் வேலை செய்யும், காது வேலை செய்யாது. அந்தக் கிழமை முழுக்க அவளுக்குக் கோபம்தான்.

திறப்பு வந்தது. திறப்பு வந்த கதையும் ஊருக்குள் வந்தது. அடுத்தநாள் காலையில் தயாபரன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அவர் அபிவிருத்திச் சங்கத் தலைவர், ஜெனரேற்றர் அவருடைய பொறுப்பு.

"ரீச்சர், கோயில் தலைவற்றை காட்சியை வெட்டிப்போட்டீங்களாம்."

"ஓம் அண்ணை."

"அவரை வெட்டினால் பிறகு ஆர் மிஞ்சிறது? நாங்கள்தானே! அவர் இருந்தாலெண்டாலும் சனம் அவரைப் பாத்துச் சிரிச்சுப்போட்டு எங்களை விட்டிருக்கும்."

"உங்களுக்கு என்ன அண்ணை பிரச்சினை?"

"எனக்கென்ன பிரச்சினை? எனக்கொண்டுமில்லை. ஆனால் கிணத்தைப் பற்றின படமெண்டு சொல்லுகினம்." தயாபரன் அக்கம்பக்கம் பார்த்தார். "ஒருத்தன் ஒரே கிணத்தை நாலு பக்கத்தாலையும் நிண்டு போட்டோ எடுத்து, நாலு கிணறு வெட்டினதெண்டு வெளிநாட்டுக்கு அனுப்பிக் காசு எடுக்கிறானாம். நாலு போட்டோவிலையும் ஒரே மாடு நிக்குதாம். அதை அவன் கவனிக்கேல்லையாம். வெளிநாட்டிலை இருக்கிறவைக்கு இப்ப மாட்டிலை சந்தேகம் வந்திட்டுதாம். இது தேவையே, ரீச்சர்?"

"வெட்டேல்லையெண்டால்?"

"ஜெனரேற்றருக்குக் கொஞ்சம் சுகமில்லை."

பிரேமிளாவுக்கு உச்சந்தலை கொதித்தது. கிணறு வெட்டக் காசு அனுப்பியவர்களில் ஒருத்தி வெளிநாட்டில் ஒரு கடையில் கோழி வெட்டி உழைக்கிற அவளுடைய சொந்தத் தங்கை. அந்த நாலாவது கிணறு தன் வீட்டுப் பக்கம் வரும் என்று மூன்று வருடம் பார்த்திருந்தவள் இவள். ஆனால் ஜெனரேற்றர் இல்லாமல் படம் இல்லை, படம் இல்லாமல் கூரை இல்லை.

"மாட்டையும் சேத்து வெட்டுங்கோ, றாபியா!"

"ரீச்சர், ஒரு நிமிசம் கேளுங்கோ, அந்தக் கிணத்தடியிலை மாடே..."

"மாடு நிண்டால் என்ன படுத்தால் என்ன! வெட்டுங்கோ!"

மூன்றாவதாக மாதர் சங்கத் தலைவி நாகேஸ்வரி. பிளாஸ்ரிக் கதிரைகள் இருநூறும் அவவின் வீட்டுக் கொட்டிலில். அவ வரும்போதே அழுதுகொண்டு வந்தா.

"பொம்பிளையளை இப்பிடிக் கேவலப்படுத்தலாமே, பிள்ளை? சங்கத்துக்கு வந்த ஆறு தையல் மெசினையும் ஒருத்தி தன்ரை மருமகளின்ரை கடையிலை கொண்டுபோய் வச்சிருக்கிறாவாம். கேக்க வந்த பிள்ளையளை, 'பழுதாப்போச்சு, திருத்தக் குடுத்திருக்கு' எண்டு ரெண்டு வருசமாத் திருப்பி அனுப்புறாவாம்."

"அக்கா, அந்த மெசின் பழுதோ இல்லையோ?"

"நல்ல மெசின்!" என்றா நாகேஸ்வரி அழுகைக்கு நடுவில். பிறகு, "படத்திலை" என்று சேர்த்துக்கொண்டா.

பிரேமிளா விளக்குமாற்றை எடுத்துக் கூட்டின இடத்தையே மறுபடி கூட்டினாள். கையை எதிலாவது வைக்காவிட்டால் அது வேறு இடத்தில் போய்ப் பட்டுவிடும் போல இருந்தது.

கடைசியாக வந்தவர் களஞ்சியப் பொறுப்பாளர் யோகநாதன். அவர் வெறுங்கையோடு வரவில்லை. ஐம்பது ரிக்கெற் ஒரேயடியாக வாங்கினார். புது நோட்டாக எண்ணி வைத்துவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"ரீச்சர், ஒரு சின்ன விசயம். முன்பள்ளிக்கு வந்த கூரைத் தகட்டை ஒருத்தன் தன்ரை மாட்டுக்கொட்டிலுக்கு அடிச்சிருக்கிறானாம். அந்த இடம் கொஞ்சம் சரியில்லை."

பிரேமிளா நோட்டுகளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"எத்தினை தகடு, அண்ணை?"

"அது... முப்பத்திரண்டு வரும்."

சொல்லிவிட்டு யோகநாதன் நாக்கைக் கடித்துக்கொண்டார். தறப்பாளின் கீழே பதினெட்டுப் பிள்ளைகளும் வியர்வை வழிய 'மழை வருது மழை வருது' என்று ஏதோ பாடிக்கொண்டிருந்தார்கள். பிரேமிளாவுக்கு அழுகை வரவில்லை. இந்த மனிதனை அந்தக் கிணற்றில் போட்டுக் கயிற்றையும் அறுத்துவிட வேண்டும் என்றுதான் வந்தது. ஆனால் ஐம்பது ரிக்கெற் பத்தாயிரம் ரூபாய். அவள் காசை எடுத்து, ரிக்கெற் காசு சேர்க்கிற ரின்னுக்குள் போட்டாள். போட்ட தன் கையின் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது.

அன்று பின்னேரம் எல்லாவற்றையும் சேர்த்து றாபியாவுக்கு ஒரே குரல்பதிவாக அனுப்பினாள்.

"எழுதிக்கொள்ளுங்கோ. உண்டியல். கிணறு, மாட்டோட சேத்து. தையல் மெசின். தகடு. பிறகு, சந்தியிலை ரியூசன் குடுக்கிற வாத்தி ஒருத்தன் சோதினைப் பேப்பரை முதல்நாளே விக்கிறானாம், அவர் இப்பதான் போன் எடுத்து அழுதவர், அது. பிறகு, முன்பள்ளி ரீச்சர் ஒருத்தி வராத பிள்ளையளுக்கும் வரவு போட்டு, மிஞ்சிற பால்மாவைக் கைப்பையிலை வச்சு வீட்டை கொண்டுபோறாவாம், அதுவும் வேண்டாம், சின்னப் பிள்ளையள் பாக்கிற இடம். பிறகு ஆரும் சாராயம் குடிச்சால் அதையும் எடுங்கோ. மொத்தம் ஏழு."

றாபியா திருப்பி எடுத்தாள். "ரீச்சர், இதிலை ஒண்டும் வராது, நீங்கள் பயப்படாதேங்கோ. ஆனால் நான் உங்களுக்கு ஒரு விசயம்..."

"காசுதானே? எவ்வளவெண்டாலும் தாறன். படம் முடியட்டும், கதைப்பம்."

ஞாயிறு மூன்று மணிக்கு, யன்னல்களுக்குக் கறுப்புப் பொலித்தீன் அடித்த மண்டபத்தில் முந்நூறு பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். முன்வரிசையில் கதிர்காமநாதன், தயாபரன், நாகேஸ்வரி, யோகநாதன். நாலு பேரும் இரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

படம் தொடங்கியது. வட்டிக்காரன் கிணற்றில் விழுந்தான். 'முதலிலை என்ரை தோட்டத்து உறுதியை மேலை எறி, பிறகு கயிறு எறியிறன்' என்ற வசனத்தைத் திரைக்கு முன்னமே இளவட்டங்கள் சேர்ந்து கத்தினார்கள். மண்டபம் அதிர்ந்தது. கதிர்காமநாதன் முதல் அரை மணித்தியாலம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார். உண்டியல் வரவில்லை. மறுகண்ணையும் திறந்தார். இடைவேளைக்குப் பிறகு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அவர்தான்.

வாசலில் ரிக்கெற் கிழித்துக்கொண்டே எட்டிப் பார்த்த பிரேமிளாவுக்கு றாபியாவின் கைவேலை ஆச்சரியமாக இருந்தது. ஏழு காட்சி போயிருக்கிறது, ஓர் இடத்திலாவது வெட்டின தடம் தெரிய வேண்டுமே? ஒரு துள்ளல்கூட இல்லை.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் கதிர்காமநாதன் மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த மக்களே! காசெண்டு வந்தால் மனிசன் எப்பிடி மிருகமாகிறான் எண்டதை இந்தப் படம் அழகாச் சொல்லுது. எங்கட ஊரிலை அப்பிடி ஒருத்தரும் இல்லையெண்டது எங்களுக்குப் பெருமை. ஆகவே இண்டைக்குச் சேர்ந்த காசைக் கோயில் இரும்புப் பெட்டியிலை பாதுகாப்பா வைக்கிறதெண்டு..."

தயாபரன் எழும்பினார். "அதேன் கோயிலிலை? சங்கம் இருக்கல்லோ!"

"மாதர் சங்கத்திலை வச்சால்தான் கள்ளம் இல்லாமல் இருக்கும்!" என்றா நாகேஸ்வரி.

"களஞ்சியத்துக்குப் புதுப் பூட்டுப் போட்டிருக்கு," என்றார் யோகநாதன்.

யார் அதிக நேர்மை என்று பத்து நிமிடம் சண்டை பிடித்தார்கள். கடைசியில் நாலாகப் பிரித்து நாலு பேரும் பாதுகாப்பதென்று முடிவானது. சனம் கைதட்டியது. அதுதான் பிரேமிளாவால் தாங்க முடியாமல் போன இடம். அறுபத்தோராயிரம் ரூபாய் இருந்த ரின் அவள் கண் முன்னால் கை மாறி, கை மாறி, முன்வரிசையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அவள் மேடையில் ஏறினாள். மைக்கைப் பறித்தாள்.

"வையுங்கோ ரின்னைக் கீழை!"

ரின் யோகநாதனின் கையில் அப்படியே நின்றது.

"வெட்கமில்லையே உங்களுக்கு? கடவுளின்ரை காசு, கிணத்துக் காசு, மெசின், கடைசியிலை நாலு வயசுப் பிள்ளையின்ரை தலைக்கு மேலை இருக்கிற தகடு! அதையும் விடேல்லை! களவெடுத்துப்போட்டு முன்வரிசையிலை வந்து இருக்கிறீங்கள். நான்தான் விசரி, உங்கட மானத்தைக் காப்பாத்த ஓடித் திரிஞ்சனான்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "இப்ப எல்லாரும் கேளுங்கோ. வெட்டின காட்சியள் அவ்வளவும் றாபியாவிட்டைப் பத்திரமா இருக்கு. வாற ஞாயிறு இதே மண்டபத்திலை அதை மட்டும் போடுவன். ஒவ்வொண்டையும் ஆர் வெட்டச் சொன்னதெண்டும் எழுதிப் போடுவன். அனுமதி இலவசம்!"

"அறிவித்தலும் இலவசம்!" என்று பின்னாலிருந்து கிருபன் கத்தினான்.

ரின் எப்படி அவள் காலடிக்குத் திரும்பி வந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

திங்கள் விடியவே ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் முன்பள்ளி வாசலில் வந்து நின்றது. முப்பத்திரண்டு தகடு, ஒவ்வொன்றிலும் ஆணித் துவாரம், சாணி மணம். செவ்வாய் கதிர்காமநாதன் தச்சருக்குக் கூலியென்று ஒரு பை கொண்டுவந்தார். முழுக்கச் சில்லறையும் இருபது ரூபாய் நோட்டும், விபூதி வாசத்தோடு. புதன் தயாபரன் குழாய்க்கிணறு போடுகிற மெசினைக் கொண்டுவந்து முன்பள்ளி வளவுக்குள் இறக்கினார். நாகேஸ்வரி வேலையாட்களுக்கு மத்தியானச் சாப்பாடும், யன்னலுக்குத் திரைச்சீலையும் அனுப்பினா. சீலையைத் தைத்த மெசின் மிக நன்றாகத் தைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போடுவேன் என்ற படத்தைப் பிரேமிளா தள்ளிப்போட்டாள். பதினோராம் நாள் கூரை முடிந்தது. பன்னிரண்டாம் நாள், மாரியை முந்திக்கொண்டு மழை. பிள்ளைகள் தகட்டில் மழை விழுகிற சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிரேமிளாவும் சிரித்தாள். ஆனால் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மாரிடம், "கள்ளக் கூட்டம், பயத்திலை திருப்பித் தந்ததுகள், நல்ல மனத்தோடை இல்லை," என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித்தான் விட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவளுடைய கோபத்துக்கு ஒரு பயன் கிடைத்திருக்கிறது. அதைக் கைவிட அவளுக்கு மனமில்லை.

அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறித் தண்ணீரூற்றுக்குப் போனாள். றாபியா ஒரு கலியாண வீடியோவில் மாப்பிள்ளை கொட்டாவி விட்ட இடத்தை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தாங்கோ உங்கட காசு. ஏழு காட்சிக்கும் சேத்து எவ்வளவெண்டு எடுங்கோ. வெட்டின துண்டுகளை ஒரு பென்ட்ரைவிலை போட்டுத் தாங்கோ. இனி அந்தக் கள்ளர் ஆரும் வாய் திறந்தால் எனக்கு அது வேணும்."

றாபியா காசை எடுக்கவில்லை. மெதுவாக அவள் பக்கமே தள்ளிவிட்டாள்.

"வேலை செய்யாமல் காசு வாங்கக் கூடாது, ரீச்சர்."

"அப்ப அந்த ஏழு காட்சியும்?"

"நான் ஒண்டையும் வெட்டேல்லை, வெட்டுறதுக்கு ஒண்டும் இருக்கேல்லை. அது முழுக்க ஒரு கிணத்தடியிலை நடக்கிற படம். உண்டியல் இல்லை, போட்டோ எடுக்கிறவன் இல்லை, தையல் மெசின் இல்லை, தகடும் இல்லை," என்று சொல்லி, றாபியா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே முடித்தாள், "பால்மா கொண்டுபோற ரீச்சரும் இல்லை."